பத்து நாய்களில் பதினேழு

கணக்கே தெரியாதவனால் ஊருக்கு ஆபத்தில்லை. ஒரே ஒரு சூத்திரம் தெரிந்தவனால்தான் ஆபத்து. தாம்பரத்தில் எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்த காலத்தில் நான் அப்படியொரு ஆபத்தாகத் திரிந்தேன்.

எங்கள் தெருநாய்களின் எண்ணிக்கை மாதாமாதம் கூடுகிறதா, குறைகிறதா? இதுதான் என் ப்ராஜெக்ட். (புலி, யானையெல்லாம் என் பஸ் பாஸ் எல்லைக்குள் வரவில்லை.) முதல் நாள் அகப்படும் நாய்களுக்கு அடையாளம் வைத்து விட்டுவிட வேண்டும். பிறகு போய்ப் பார்க்கும்போது பாதி நாய்க்கு அடையாளம் இருந்தால், தெருவில் மொத்தம் முதல் நாள் அடையாளம் வைத்ததைப்போல இரண்டு மடங்கு. எல்லா நாய்க்கும் இருந்தால், மொத்தமே நாம் அடையாளம் வைத்த அவ்வளவுதான். இதில் ஃபெயிலானால் மேடவாக்கத்தில் மாமாவின் தண்ணி லாரியில் ஏறிக்கொள் என்று அப்பா சொல்லியிருந்தார்.

பெயிண்ட் நாய்க்கு ஆகாதென்று குங்குமத்தை எண்ணெயில் குழைத்துக்கொண்டேன். வாலில் வைத்திருக்கலாம். என் கெட்ட நேரம், பிஸ்கட்டுக்காக நீண்ட பத்து நெற்றிகளில் வட்டமாக வைத்தேன்.

கோவளத்திலிருந்து கூடையோடு வரும் மீன்கார அக்கா பார்த்துவிட்டார்.

"இன்னா தம்பி, நாய்க்குப் பொட்டு வச்சிகினு கீறே? பைரவருக்கு வேண்டுதலா?"

சூத்திரத்தை விளக்கி முடிப்பதற்குள் மீன் கெட்டுவிடும். "ஆமாக்கா, பாஸாகணும்னு" என்றேன்.

அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் பதினேழு நாய்கள். பதினேழுக்கும் பொட்டு. புத்தியுள்ளவன் அங்கேயே உட்கார்ந்து யோசித்திருப்பான். நானோ, குங்குமம் என்னமாய் நிற்கிறது என்று பூரித்துப்போய் சூத்திரத்தில் போட்டேன். விடை பத்து. அதற்கடுத்த மாதம் குட்டிகளோடு இன்னும் அதிகம், எல்லாவற்றுக்கும் பொட்டு. விடை அதே பத்து. 'எண்ணிக்கையில் மாற்றம் இல்லை' என்று முடிவுரை எழுதி பைண்ட் பண்ணிக் கொடுத்துவிட்டேன்.

வைவாவுக்கு வந்த எக்ஸாமினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"தம்பி, தெருவுல மொத்தமே பத்து நாய். நீங்க பார்த்தது பதினேழு. மீதி ஏழு?"

"இடம்பெயர்ந்து வந்தது சார். பெருங்களத்தூர் பக்கத்துல இருந்து."

"பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு பஸ்ல திரும்புற கூட்டத்துலயா?"

 ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"சரி. வரும்போதே பொட்டு வச்சுக்கிட்டா வந்துச்சு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து, நாய்க்கெல்லாம் யார் பொட்டு வைத்தது என்று அம்மாவிடம் கத்தினேன். அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டே சொன்னார்.

"மீனக்காதான் வேண்டுதல்னு சொன்னாங்க. நீ பாட்டுக்குப் பத்தோட நிறுத்திட்டே. அரைகுறையா விட்டா பைரவர் சும்மா இருப்பாரா? அதான் தெருவே சேர்ந்து மிச்சத்துக்கும் வச்சோம். அழிய அழிய வச்சோம்டா. குட்டியைக்கூட விடலை. நீ பாஸாகணும்னுதான்!"

கோபம் அடங்கிவிட்டது. ஒரு தெருவே எனக்காக வேண்டிக்கொண்டு, என்னை ஃபெயிலாக்கியிருக்கிறது; யாரைத் திட்டுவது? கொஞ்ச காலம் தண்ணி லாரியில் போய்விட்டு, பிறகு வாலில் அடையாளம் வைத்துப் பாஸானேன்.

என் கல்யாணத்தில் அம்மா என் நெற்றியில் பொட்டு வைக்க வந்தபோது, மாமா மண்டபமே கேட்கக் கத்தினார்: "அக்கா, நல்லா அழுத்தி வை! விட்டுப் பிடிக்கும்போது அடையாளம் வேணும்ல?"

பக்கத்தில் நின்ற மணப்பெண்ணுக்கு அன்று ஒன்றும் புரியவில்லை. இப்போது நான் பைக் சாவியை எடுத்தாலே, அவள்தான் முதலில் குங்குமச் சிமிழை எடுக்கிறாள்.