கேப்டன் பெனடிக்டின் முதல் மனைவி

ஒரு வாதத்தில் நான் சொல்வதுதான் சரி என்று எனக்குத் தோன்றிவிட்டால், அதன் பிறகு கண் தெரியாது, காது கேட்காது, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதும் தெரியாது. இந்தக் குணத்தால் பள்ளியில் இரண்டு தோழிகளையும், பின்னாளில் ஓர் ஆட்டோக்காரரின் நல்லெண்ணத்தையும் இழந்திருக்கிறேன். அதெல்லாம் போகட்டும். ஒருமுறை சொந்த அக்காவின் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தேன், அதுவும் ஒரு வீடியோ கேமுக்காக.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. மயிலாப்பூரில் லஸ் பக்கம் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வேலை பார்த்தேன். மிச்ச நேரமெல்லாம் கடற்கொள்ளையர் கேம் ஒன்று. (மிச்ச நேரம் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. உண்மையில் வேலைதான் மிச்ச நேரத்தில் நடந்தது.) அந்தக் கேமின் நாயகன் கேப்டன் பெனடிக்ட். முதல் பாகத்தின் முடிவில் அவனுடைய கப்பல் தீப்பிடிக்கும். மனைவி ரோஸ்லின் கப்பலோடு போய்விட்டாள் என்று கரையில் உட்கார்ந்து அழுவான். இரண்டாம் பாகத்தில் கவர்னர் மகளைக் காதலிப்பான்.

இதோடு விட்டிருந்தால் யாருக்கும் வம்பில்லை. நடுவில் கேமைத் தயாரித்தவர்கள் ஒரு காமிக்ஸ் வெளியிட்டார்கள். அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு கலங்கரை விளக்கம். அதன் வாசலில் கையில் தீக்காயத் தழும்போடு ஒரு பெண். மடியில் குழந்தை.

அவ்வளவுதான், ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தோம். காமிக்ஸில் வந்தாலும் நடந்தது நடந்ததுதான், ரோஸ்லின் உயிரோடு இருக்கிறாள் என்றது என் கட்சி. கேமுக்குள் வந்தால்தான் கணக்கு, மற்றதெல்லாம் சும்மா என்றது எதிர்க்கட்சி. கதையில் உண்மையாகவே நடந்தது என்று எது ஒப்புக்கொள்ளப்படுகிறதோ, அதற்கு ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கேனன்’. இது கேனன், அது கேனன் இல்லை என்று பொழுது விடிந்து பொழுது போனால் இதே சண்டை.

எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வெளிநாட்டுக் கேமில் வருகிற பாதிப் பேர் எங்களுக்குச் சித்தப்பாவாகவோ ஞானத்தகப்பனாகவோ இருப்பார்கள். அக்கா ஜெசிந்தாவுக்கு வந்த மாப்பிள்ளையின் பெயரும் பெனடிக்ட். போதாக்குறைக்கு அவருக்கு ஒரு கப்பல் கம்பெனியில் வேலை.

பேசி முடிக்க ஒரு சனிக்கிழமை சாயங்காலம் திருவான்மியூரிலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். எங்கள் பக்கம் அப்பா, தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்த பிறகு வீட்டு நிர்வாகம் அப்பாவின் தங்கை ஸ்டெல்லா அத்தையிடம். அத்தை எனக்கு ஒதுக்கிய வேலை, மொட்டை மாடியில் காயும் துணிகளை எடுத்து வருவது. (துணி அப்படி ஒன்றும் அவசரமில்லை. என்னைக் கொஞ்ச நேரம் கூடத்திலிருந்து அப்புறப்படுத்தும் ஏற்பாடு என்பது இப்போது புரிகிறது.)

காதில் இயர்போனோடு மேலே போனேன். மறுமுனையில் வடபழனி பிரவீன், எதிர்க்கட்சித் தலைவன்.

“இன்னா மச்சி நீ, ஒரே ஒரு படத்த வெச்சிக்கினு அவ உயிரோட கீறான்னு அடிச்சுப் பேசற?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கையில் பிடித்திருந்த போர்வையை உதறியபடி கத்தினேன். “டேய், பெனடிக்டுக்குப் பொண்டாட்டி இருக்கா. குழந்தையும் இருக்கு. கப்பல் எரிஞ்சு அவ செத்துட்டான்னு ஊரையே நம்ப வெச்சுட்டு, இங்க வந்து இன்னொருத்தியக் கட்டிக்கப் பாக்கறான். இத நான் எவன் முன்னாடி வேணாலும் சொல்லுவேன்.”

காபி கொடுக்க என்னைக் கூப்பிட வந்த அத்தை அப்போது மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றிருக்கிறார். அப்படியே இறங்கிப் போய்விட்டார். நான் பார்க்கவில்லை. நான்தான் போர்வைக்குப் பின்னால் ஜெயித்துக்கொண்டிருந்தேனே.

கீழே நடந்ததை அக்கா சொல்லித்தான் தெரியும். அத்தை அப்பாவைச் சமையலறைக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னார். பரீட்சை ஹாலில் பிட் அடிப்பவர்களை ஆயுள் முழுக்கப் பிடித்தவர் அப்பா. சுற்றி வளைக்கத் தெரியாது. கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, தப்பா நினைக்காதீங்க. உங்க முதல் சம்சாரம் இப்ப எங்க இருக்காங்க?”

கேக்கைக் கடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மா, கடித்தபடியே நின்றுவிட்டார். மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது.

“குழந்தை வேற இருக்காமே,” என்றார் அத்தை. “கப்பல் எரிஞ்சு செத்துட்டாங்கன்னு எல்லாரையும் நம்ப வெச்சீங்களாமே.”

கப்பல் என்றதும் மாப்பிள்ளை யோசித்தார். வெளுத்த முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்ததாம்.

“யாரு, ரோஸ்லினா? ஐயோ, அது கேனன் இல்லைங்க.”

அத்தை எழுந்தேவிட்டார். “யாரப் பாத்துக் கேனன்ங்கறீங்க? எங்க அண்ணன் எத்தனை பிள்ளைங்களுக்குப் பாடம் சொன்னவர் தெரியுமா?”

“அங்கிளைச் சொல்லல ஆன்ட்டி. அந்தக் காமிக்ஸ் கேனன் இல்லன்னுதான்…”

இந்த இடத்தில்தான் நான் உள்ளே வந்தேன், மோவாய் வரை துணிக் குவியலோடு. மூளை உள்ள யாராக இருந்தாலும் அந்தக் காட்சியைப் பார்த்ததும் அப்படியே பின்வாங்கியிருப்பார்கள். எனக்குக் காதில் விழுந்தது ‘கேனன் இல்லை’ மட்டும்.

“யார் சொன்னது? கேனன்தான்,” என்றேன்.

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வந்தவர்தான் சொல்கிறார் என்றால் பெற்ற பெண்ணுமா என்று கேட்கிற பார்வை.

அப்போதாவது நிறுத்தினேனா? துணிக் குவியலுக்கு மேலாக மாப்பிள்ளையோடு வாதாட ஆரம்பித்தேன். எதிர்க்கட்சி ரசிகரான அவரும் விடவில்லை. கலங்கரை விளக்கில் இருப்பது வேறு யாரோவாக இருக்கலாம் என்றார். தழும்பைக் கவனித்தீர்களா என்றேன். கடைசியில் உள்ளறைக் கதவு திறந்து அக்கா வந்து நின்றாள்.

“ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்தறீங்களா? இதக் கேக்க வேண்டியவ நான். உங்களுக்குப் பொண்டாட்டி இருக்கா?”

“இல்லீங்க.”

“கேமுக்கு வெளியில?”

“எங்கயுமே இல்லீங்க.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. துணியைக் கீழே போட்டுவிட்டு, கேம், காமிக்ஸ், பிரவீன், போர்வை எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் உளறினேன். அக்காவின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. இரண்டு வருடம் அலைந்து அப்பா பார்த்த சம்பந்தம். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து போவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் கேக்கை விழுங்கிவிட்டுக் கையை நீட்டினார். “அந்தப் படத்தக் காட்டும்மா.”

கைபேசியைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“கை வெந்திருக்கே. இவதான் அவ. பாவம், கைக்குழந்தையோட உக்காந்திருக்கா.” பிறகு மகன் பக்கம் திரும்பினார். “இவள விட்டுட்டு கவர்னர் பொண்ணு கேக்குதா அவனுக்கு? நீ அவனுக்குப் பரிஞ்சு பேசற.”

“அம்மா, அது கேம்ல வரலம்மா.”

“வீட்டுல சொல்லலன்னா நடக்கலன்னு ஆயிடுமா?”

முதலில் சிரித்தது அக்கா. அதன் பிறகு மாப்பிள்ளை. அப்பா சிரிக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். தன்னை யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதை அத்தையிடம் இரண்டு முறை உறுதி செய்துகொண்ட பிறகு சிரித்தார்.

“ஜெசி, நீ என்னம்மா சொல்ற?”

“கேக்கக் கூச்சமா இருந்த கேள்விக்கே பதில் கிடைச்சிடுச்சுப்பா. சரின்னு சொல்லிடுங்க.”

கேமின் மூன்றாம் பாகம் பிறகு வந்தது. ரோஸ்லினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஞாயிறு மதியம் பிரியாணிக்குப் பிறகு, மாமாவாகிவிட்ட அந்த மாப்பிள்ளையும் நானும் இன்றுவரை மோதிக்கொள்கிறோம். அவருடைய அம்மா அசைக்க முடியாத என் கட்சி.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்று. அக்காவின் ஓலை வாசிக்கப்பட்ட மூன்று ஞாயிறும், ‘தடை’ என்ற சொல் வந்ததும் பக்கத்திலிருந்த அத்தை தைலம் மணக்கும் கையால் என் வாயைப் பொத்தினார். அன்றிலிருந்து யாருக்கு ஓலை வாசித்தாலும் எங்கள் பெஞ்சில் அப்பா, அத்தை, அக்கா, மாமா நான்கு தலைகளும் ஒன்றாக என் பக்கம் திரும்பும். போன மாதம் அப்படித் திரும்பியபோது, முன்வரிசையில் இருந்த முன்பின் தெரியாத ஓர் அம்மாளும் என்னவென்று திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து ஏதோ சொல்லப் போகிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. பூசை முடியும்வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆவலோடு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.