அசல் ஒசாகாக்காரர்

எஸ்கலேட்டரில் கால் வைத்த பிறகுதான் ஷிகெனோவுக்கு உறைத்தது. பழக்க தோஷத்தில் இடது பக்கம் நின்றுவிட்டார். டோக்கியோப் பக்கத்து ஆட்கள்தான் அப்படி நிற்பார்கள். ஒசாகாவில் வலது பக்கம்.

அவர் சட்டையில் குத்தியிருந்த அட்டையோ, ‘அசல் ஒசாகாக்காரருடன் ஒரு நாள்’ என்றது. உண்மையில் அவர் டோக்கியோவை ஒட்டிய சிபாவில் பிறந்து வளர்ந்தவர். வழிகாட்டி வேலைக்காகச் சொன்ன பொய் அது. இதுவும் போனால் நாற்பத்தாறு வயதில் மாமனாரின் மீன் கடையில் போய் நிற்க வேண்டும்.

“இந்த ஊர்ல வலது பக்கம்தானே நிப்பாங்க?” என்று கேட்டார் வடக்கே சென்டாய் நகரிலிருந்து சுற்றிப்பார்க்க வந்திருந்த முகாய். அவர் மனைவிக்குத் தொண்டைக்கட்டாம். முகக்கவசத்துக்குள்ளிருந்து காலையிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

“ஆமா சார். எனக்கு இடது கால்ல வலி. இந்தப் பக்கம் பிடிச்சாத்தான் தாங்கும்.”

சொன்ன பாவத்துக்கு நொண்ட வேண்டியதாயிற்று. மதியத்துக்குள் எந்தக் கால் என்பதே மறந்துபோனது.

“காலைல இடது காலுன்னீங்க?” என்றார் முகாய்.

“வலி... இடம் மாறும் சார்.”

பேச்சை மாற்ற அவசரமாக குச்சியில் குத்திப் பொரித்துத் தரும் ஒரு கடைக்குள் கூட்டிப்போனார். திருமதி முகாய் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். பதற்றத்தில் ஷிகெனோ, ஒரு கடி கடித்த இறால் குச்சியை, எல்லோருக்கும் பொதுவான சாஸ் தொட்டியில் மறுபடி முக்கினார்.

கடையே திரும்பிப் பார்த்தது.

“யோவ்! ஒரு தடவைதான் முக்கணும்னு சுவர் பூரா எழுதி வச்சிருக்கேன். எந்த ஊரு ஆளுய்யா நீ?” என்று கத்தினார் கடைக்காரர்.

“இல்ல... எப்படிச் செய்யக் கூடாதுன்னு விருந்தாளிங்களுக்குக் காட்டினேன்.”

கடைக்காரர் தொட்டியோடு எடுத்துப்போய் எல்லார் கண்ணெதிரிலும் கொட்டினார். ஷிகெனோவின் காது மடல் வரை சுட்டது. திருமதி முகாயின் தோள்கள் குலுங்கின.

“அம்மாவுக்கு என்னாச்சு?”

“இருமல்தாங்க, வேற ஒண்ணுமில்ல” என்றார் முகாய் அவசரமாக.

கடைசியாக, ஊருக்கே அடையாளமான த்சூதென்காகு கோபுரம். ஷிகெனோ இதுவரை ஏறியதே இல்லை. மேலே சிரித்தபடி உட்கார்ந்திருந்த பில்லிக்கன் சாமியின் தலையைத் தடவி, “இப்படித் தடவினா நினைச்சது நடக்கும்” என்றார்.

“பாதத்தைத் தடவணும் சார்” என்றாள் அங்கே நின்ற பணிப்பெண், மெல்லிய குரலில்.

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. இடுப்பு வரை வளைந்து குனிந்தார்.

“மன்னிச்சிருங்க. நான் ஒசாகாக்காரன் இல்ல, சிபாக்காரன். கால்வலியும் பொய். உங்க முகத்தைப் பார்க்கவே கூசுது. ஆபீஸ்ல சொல்லிருங்க.”

நிமிர்ந்து பார்த்தால், முகாயின் முகம்தான் இவருடையதைவிடச் சிவந்திருந்தது. அவர் மனைவி கவசத்தைப் பிடுங்கி எறிந்தார். தொண்டை கட்டியதற்கான அடையாளமே இல்லை.

“அட, விடுங்க தம்பி! எங்க வீடே இந்தக் கோபுரத்துக்கு ரெண்டு தெரு தள்ளித்தான்; அறுபது வருஷமா ஏறினதில்லன்னு சொல்ல வெக்கப்பட்டு இந்த மனுஷன் உங்க ஆபீஸ்ல சென்டாய்னு எழுதிக் குடுத்துட்டு, நான் வாயத் தொறந்தா பேச்சுலயே ஊரு தெரிஞ்சிரும்னு மாஸ்க்கையும் மாட்டிவிட்டுட்டாரு!”