நாத்தனாரும் ஏகாதிபத்தியமும்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொண்டது. நீயும் உன் மனைவியும் சுகமாக இருக்க வேண்டும். நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, அப்படியே வைத்துக்கொள்.

அத்தான் போன துக்கத்தில் இருக்கிறேனே, மனசு வேறு பக்கம் திரும்பட்டும் என்று கல்லூரிக்காக நீ எழுதின ஏகாதிபத்தியப் பாடத்தை அனுப்பியிருந்தாய். ஐந்தாவதோடு நின்றவள் நான், எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். முதலில் வியாபாரம் என்று வருவார்களாம், பிறகு சரக்கு வைக்க ஓர் இடம் கேட்பார்களாம், பிறகு அந்த இடத்துக்குக் காவல் போடுவார்களாம், கடைசியில் உங்களுக்கு ஆளத் தெரியவில்லை, உங்கள் நன்மைக்காக நாங்களே ஆளுகிறோம் என்பார்களாம். இது தேசங்களின் கதையா, என் நாத்தனாரின் கதையா என்று எனக்குக் குழம்பிவிட்டது.

துக்கம் விசாரிக்கத்தான் வந்தாள். கையில் ஒரே பை. அப்புறம் தையல் மெஷினைக் கொஞ்ச நாள் ஜன்னலோரம் போட்டுக்கொள்கிறேன் என்றாள். தைக்க வந்த துணி அழுக்காகிவிடும் என்று அந்த அறைக்கே பூட்டுப் போட்டாள். சமையலறை டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றிவிட்டாள், என் வீட்டுச் சர்க்கரையை நான் அவளிடம் கேட்டுத்தான் எடுக்கிறேன். கேட்டால், "நீங்க துக்கத்துல இருக்கீங்க அண்ணி, உங்களுக்கு ஒண்ணும் ஓடாது, நான் பாத்துக்கறேன்" என்கிறாள். அத்தானின் நாற்காலியிலும் உட்கார்ந்துவிட்டாள். அதில் சாய்ந்துதான் நான் அழுவேன். இப்போது அழக்கூட இடமில்லை.

உறைக்கட்டும் என்று பாடத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். அதே நாற்காலியில் காலை நீட்டிக் கேட்டவள் கண் கலங்கிவிட்டாள்.

"பாவம் அந்த ஜனங்க. வந்தவனை வாசலோட அனுப்பியிருக்கணும் அண்ணி. வாயில்லாப் பூச்சிங்க போல."

"இப்ப என்ன செய்யறது?"

"விரட்ட வேண்டியதுதான். நீங்க மொதல்ல மாத்திரையப் போடுங்க" என்று தண்ணீரை நீட்டினாள்.

பட்டினி கிடந்து போராடினார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அதையும் செய்து பார்த்தேன். ஊட்டிவிடுகிறாள். அதற்கு என்ன செய்வது என்று உன் பாடத்தில் எங்கேயும் இல்லை. ஆகையால் நீயே வந்து அவளை அனுப்பி வை.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், உங்கள் வீட்டை நீங்களே ஆண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள், மகளுக்கு உடம்பு சரியில்லை என்று அவளே கிளம்பிப் போய்விட்டாள். எல்லா அறையும் எனக்கே வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தேன், அழுகை வரவில்லை. தட்டு போட்டேன், சாப்பாடு இறங்கவில்லை. அதட்ட ஆளில்லை. விடுதலை கிடைத்தவர்கள் மறுநாள் என்ன செய்தார்கள் என்று நீ எழுதவே இல்லையே. நீ இங்கே வர வேண்டாம். அவள் வீட்டுக்குப் போ. மகள் தேறியதும், என்ன நிபந்தனை போட்டாலும் ஒத்துக்கொண்டு கூட்டி வா.