பதினாறு நாள் மூத்த தம்பி

திருச்சானூர்
12.3.1979

சிரஞ்சீவி தம்பி முனிகிருஷ்ணனுக்கு அண்ணன் வெங்கடரமணன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் சௌக்கியம். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். முதியோர் பள்ளியில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. இதை எழுத நான்கு நாள் பிடித்தது.

டீச்சரம்மா ஞானசௌந்தரி பேப்பர் படித்துக் காட்டினார். உயரே போகப் போகப் பூமியின் இழுப்பு குறையுமாம், அங்கே காலம் வேகமாக ஓடுமாம். ஐன்ஸ்டீன் என்ற பெரியவர் சொன்ன இது சரிதானா என்று ராக்கெட்டில் கடிகாரம் ஏற்றிப் பார்த்தார்களாம். சரியாகவே இருந்ததாம். நமக்கு ராக்கெட் எதற்கு, திருமலை இருக்கிறதே! போன வாரம் உன் அண்ணி கங்கம்மாள் உன் வீட்டுக்குத் துணியில் சுற்றி அலாரம் கடிகாரம் கொண்டுவந்தாளே, அது என் சோதனைதான். அதன் ஜோடி இங்கே என் தலைமாட்டில். "சாவி மட்டும் கொடு, முள்ளைத் தொடாதே"ன்னு சொல்லி அனுப்பினேன். "தொட்டு நான் துன்னவா போறேன்?"னு கேட்டுக்கினே பஸ் ஏறினா. மூணு நாள் கழிச்சு வந்ததும் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா, மலைக்குப் போன கடிகாரம் அஞ்சு நிமிஷம் முன்னால! மூணு நாளைக்கு அஞ்சு நிமிஷம்னா, நீ மலையில இருக்கிற நாப்பது வருஷத்துக்கு? சிலேட்டுல போட்டுப் பாத்தேன், பதினாறு நாளுக்கு மேல வருது. இரட்டைப் பிள்ளையில நான் மூத்ததோ வெறும் கால் மணி நேரம். ஆக, நீதான் எனக்கு அண்ணன். மேலே சிரஞ்சீவின்னு போட்டது தப்பு.

இதுல என்ன இவ்ளோ சந்தோஷம்னு கேப்பே. அண்ணங்காரன் தம்பி கால்ல விழக்கூடாது, தம்பி அண்ணன் கால்ல விழலாம். நாப்பது வருஷம் முன்னால மாடு தொலைஞ்ச அன்னிக்கு, நீதான் கயித்தைச் சரியாக் கட்டலேன்னு நைனா எதிர்ல உன்னை அறைஞ்சேன். நீ அன்னிக்கே மலையேறிட்டே. கட்டினது நான்தான்டா. மூணு தரம் மலைக்கு வந்தும், பெருமாளைச் சேவிச்சுட்டு உன் வாசலுக்கு வராமத் திரும்பினேன். பழைய கடிதாசெல்லாம் எதிர்வீட்டு வேதாந்தம் எழுதிக் கொடுத்தது. இதை இன்னொருத்தர்கிட்ட சொல்லி எழுதவெக்க வாய் வரல. உகாதிக்கு இறங்கி வா, கால்ல விழறேன்.

குழந்தைகளுக்கு என் ஆசி. உனக்கு நமஸ்காரம்.

இப்படிக்கு,
உன் தம்பி
வெங்கடரமணன்

பி.கு.: கவரை ஒட்டும்போது கங்கம்மாள் சொல்றா: "திரும்பற பஸ்ஸைத் தவற விடக்கூடாதுன்னு நான்தான் முள்ளை அஞ்சு நிமிஷம் தள்ளி வெச்சேன். ஊருலகத்துல எல்லாரும் வெக்கறதுதானே?" டீச்சரம்மாகிட்ட ஓடினேன். மலையில காலம் வேகம்தானாம், ஆனா நாப்பது வருஷத்துக்கும் கண் சிமிட்டற நேரம்கூடத் தேறாதாம். ஆக, அண்ணன் நான்தான். கடிகாரம்தான் பொய், மாடு விஷயம் நிஜம். அண்ணனா உத்தரவு போடறேன், உகாதிக்கு வா. கால்ல விழறதை அண்ணி பாக்காத நேரமா வெச்சுக்கலாம். வரலேன்னா அடுத்த வாரமும் எழுதுவேன், அதுக்கடுத்த வாரமும் எழுதுவேன். இப்ப எனக்கு யார் கையும் வேணாம்.