ரெண்டாந்தரச் சர்க்கரை

சேசு மரி சூசை துணை

ஏற்காடு

அன்புத் தம்பி செபாஸ்டினுக்கு அண்ணன் அருள்சாமி எழுதுவது. நலம் என்று எழுதத்தான் கை போகிறது. இப்போதுதான் ஜெபமாலை உருட்டிய கை என்பதால் பொய் எழுதத் தயங்குகிறது. நீ நலமா என்று கேட்கவும் பயமாக இருக்கிறது. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் கடிதம்.

போன வாரம் வெள்ளக்கடையில் சிநேகிதன் முருகன் வீட்டுக்குப் போய்விட்டு நடந்தே திரும்பினேன். வாசலில் உன் அண்ணி சாந்தாமேரி, "ஏனுங்க, இன்னொரு செருப்பு எங்கீங்க?" என்றாள். குனிந்து பார்த்தால் வலது காலில் செருப்பைக் காணோம், ரத்தம் மட்டும் இருக்கிறது. எங்கே கழன்றது, எது குத்தியது, ஒன்றும் தெரியவில்லை. மறுநாளே மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கி என்னைச் சேலத்துக்கு இழுத்துப் போனாள். டாக்டர் ரம்யா காலைப் பார்த்தார், பிறகு சிறுநீரைக் கேட்டார், அதில் புரதம் போகிறது என்றதும் கிட்னிக்கு ரத்தம் எப்படி ஓடுகிறதென்று அளக்கும் டாப்ளர் ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டார். வயிறெல்லாம் பசையைத் தடவித் தேய்த்தார்கள். "பெரிய கொழாயில ரத்தம் நல்லா வருதுங்கய்யா. கிட்னிக்குள்ளார இருக்கற பொடிக் கொழாய்ங்கதான் இறுகிப் போயி உள்ள விட மாட்டேங்குது. கால் மரத்ததுக்கும் அதே சர்க்கரைதானுங்க" என்றார்.

"நம்முது ரெண்டாந்தரந்தானுங்களே, டாக்டரம்மா?"

"என்ன தரமுங்க?"

"டைப் டூன்னு நீங்கதான எழுதியிருக்கறீங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஐயா, அது தரமில்லீங்க. வகை."

தம்பி, முப்பத்திரண்டு வருஷம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து காப்பிக்கொட்டையை முதல் தரம், ரெண்டாந்தரம் என்று பிரித்தெழுதிய புத்தி இது. பதினோரு வருஷத்துக்கு முன் நம் இருவருக்கும் ஒரே வாரத்தில் சர்க்கரை என்றபோது, டைப் டூ என்றால் ரெண்டாந்தரம், வீரியம் கம்மி என்று நானே தீர்ப்பெழுதி மாத்திரையைத் தூக்கிப் போட்டேன். அதோடு விட்டேனா? உனக்கும் போன் போட்டு, "நமக்கு வந்தது ரெண்டாந்தரம் கண்ணு, மாத்திரையெல்லாம் எதுக்கு?" என்றேன். நீயும் "செரிங்கண்ணா" என்றாய். அந்தச் 'செரிங்கண்ணா' இப்போது என்னைச் சாப்பிட விடமாட்டேன் என்கிறது. தான் கெட்ட குரங்கு வனத்தையும் கெடுத்த கதையாகிவிட்டதே.

என் கிட்னியில் மிச்சமிருப்பதைக் காப்பாற்றினால் போதும் என்கிறார் டாக்டர். உன்னுடையதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. நாளைக்கே போய்ச் சிறுநீரைச் சோதித்துப் பார். அண்ணன் பேச்சைக் கேட்டு நீ கெட்டது போதும், ஆனாலும் இந்த ஒரு தடவை மட்டும் கேள். என்னை மன்னித்துவிடு.

பிரிஸ்கில்லாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர். மாதா உங்கள் வீட்டில் ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்ளட்டும்.

பாவப்பட்ட அண்ணன்,
அருள்சாமி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பிரிஸ்கில்லா உன் அண்ணிக்குப் போன் செய்துவிட்டாள்; என் கால் கதையைப் பேசும்போது உன் கதையும் வெளியே வந்தது. பதினோரு வருஷமாக ஒரு நாள் விடாமல் மாத்திரை போடுகிறாயாமே! நான் வந்தபோதெல்லாம் வைட்டமின் என்று நீ விழுங்கியது அதுதானாமே! வருஷா வருஷம் சோதனை, கிட்னி பழுதில்லையாம். என் பேச்சை ஒருவன் கேட்காததற்காகக் ஆண்டவருக்குத் தோத்திரம் சொன்னது இதுவே முதல் தடவை. ஆனாலும் கோபம் ஆறவில்லை. எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா! சொன்னால் நான் கேட்டிருக்க மாட்டேனா என்று சாந்தாமேரியிடம் கேட்டேன். அவள் என் காலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறாள்.