இருட்டும்வரை உட்கார வைத்தது யார்

மரியாதைக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவள் கைப்பட எழுதுவது. இங்கே மாப்பிள்ளை, மகள், பேத்தி மூவரும் சௌக்கியம். என் முழங்கால் சௌக்கியமில்லை, ஆனால் நீங்கள் அதைக் கேட்கப் போவதில்லை என்பதால் விடுகிறேன். உங்களுக்குச் சர்க்கரை இறங்கியிருப்பதாக மகள் சொன்னாள், மனசாரச் சந்தோஷம். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "இருங்க, குக்கர் சத்தம் போடுது" என்று மூத்த மருமகளிடம் கொடுத்துவிடுகிறீர்கள். உங்கள் வீட்டுக் குக்கர் நான் பேசும்போது மட்டும்தான் சத்தம் போடுகிறது. கடிதத்தை அப்படி யார் கையிலும் திணித்துவிட்டுப் போக முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

விஷயம் இதுதான். நம் பேத்தி வாலு போன வருஷம் வெளிநாட்டில், செயற்கைக் கால் செய்கிற பட்டறையில், படிப்புக்காகச் சில மாதம் பயிற்சி வேலை பார்த்தாள் அல்லவா. இப்போது படிப்பு முடிந்ததும் ஒரு வருஷம் வேலைக்கு வா என்று அந்தப் பட்டறைக்காரர்களே கூப்பிட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை "எங்கம்மா சரின்னா எனக்கும் சரி" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். நீங்களோ "பொண்ண இருட்டற வரைக்கும் உக்கார வச்சு வேலை வாங்கற எடத்துக்கு மறுபடி எதுக்கு அனுப்பணும்" என்று சொன்னதாகக் கேள்வி. அந்தச் சமாச்சாரத்தை உங்கள் காதில் போட்டது யார் என்றும் எனக்குத் தெரியும், அவளைப் பிறகு கவனித்துக்கொள்கிறேன். வாலு இருட்டும்வரை உட்கார்ந்தது நிஜம். ஆனால் உட்கார வைத்தது யார் என்று கூடவே இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் உங்கள் மகனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

துணைக்கு ஒரு பெரியவள் போகாமல் பெண்ணை அனுப்பக் கூடாது என்று சட்டம் போட்டது நீங்கள். போவது யார் என்று பேச்சு வந்ததும் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்ததும் நீங்கள். அன்று காலை வரை அந்த முதுகோடுதான் பரணில் ஏறிப் பழைய பித்தளைச் சாமானெல்லாம் இறக்கினீர்கள், நான் மறக்கவில்லை. சரி, அதனால் எனக்கு நல்லதுதான் நடந்தது. மாடியில் கூரைக்கு அடியில் ஒரு அறை. நிமிர்ந்து நின்றால் எனக்கு இடிக்காது, வாலுவுக்கு இடிக்கும். இரண்டு கட்டில், ஒரு மேஜை, மேஜையின் ஒரு கால் ஆடும், அதற்கு அட்டையை மடித்து நான்தான் முட்டுக் கொடுத்தேன். ஜன்னல் சின்னது, ஆனால் தெரு முழுக்கத் தெரியும். எதிரே சைக்கிள் ரிப்பேர் கடை, பக்கத்தில் செருப்புக் கடை, கோடியில் பஸ் நிற்கும் இடம். சைக்கிள் கடைக்காரன் காலையில் கடை திறந்ததும் முதலில் தன் சைக்கிளுக்குக் காற்றடிப்பான், அப்புறம்தான் ஊர் சைக்கிளுக்கு. அந்தத் தெருவில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதுகூட எனக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. பாஷை தெரியாவிட்டால் என்ன, முகத்தைத் திருப்புவது எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். இன்று காலைகூடக் கண் விழித்ததும் இடது பக்கம் அந்த ஜன்னலைத் தேடினேன். உங்கள் மகனின் அலமாரிதான் இருந்தது.

முதல் வாரம் முழுக்க வாலு சாயங்காலம் வரவில்லை. வேலை நேரம் ஐந்து மணியோடு முடிகிறது என்று அவளே சொன்னாள். நான் ஐந்துக்கே சோறு வடித்துவிட்டு ஜன்னலில் நிற்பேன். சைக்கிள் கடை மூடும், செருப்புக் கடை மூடும், தெரு விளக்கு எரியும், ஒவ்வொரு பஸ்ஸிலிருந்தும் யார் யாரோ இறங்குவார்கள். இவள் வரும்போது கையெல்லாம் கால் அச்சு வார்க்கிற வெள்ளை மாவு காய்ந்து, முகம் சுண்டிப்போயிருக்கும். கேட்டால், "மேடம் இன்னும் வேலை செஞ்சிட்டு இருந்தாங்க பாட்டி, நான் எப்பிடி எழுந்து வர்றது" என்பாள். மேடம் என்பவள் இவளுக்கு வேலை சொல்லிக் கொடுக்கிறவள். இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து தொங்கும். அதனால் நான் அவளுக்குச் சாவிக்கொத்து என்றே பெயர் வைத்தேன். பெயர் வைத்த அன்றே அவள் மேல் கோபமும் வைத்துவிட்டேன். நான் ஒருத்தி மேல் கோபம் வைத்தால் அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி இரண்டு மாதம். பிள்ளை இளைத்துவிட்டாள். இந்த லட்சணத்தில் இங்கிருந்து அவளுடைய வாத்தியார் போன் செய்தார். பட்டறையிலிருந்து நல்ல பேச்சு வரவில்லையாம். பெண்ணுக்குச் சுறுசுறுப்பு போதாது, நேரத்துக்குள் வேலையை முடிக்கத் தெரியவில்லை, தினமும் இழுத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள் என்று அந்த மேடம் சொல்லியிருக்கிறாள். இதே மாதிரி போனால் தேற வைக்க முடியாது, வருஷம் வீண் என்றார். வாலு போனை வைத்துவிட்டு ஆடுகிற மேஜையில் தலை சாய்த்தவள் எழுந்திருக்கவே இல்லை. இருட்டும்வரை வேலை வாங்குவதும் அவளே, வேலை முடிக்கத் தெரியவில்லை என்று கோள் சொல்வதும் அவளே என்றால் எந்தப் பெற்றவள் சும்மா இருப்பாள். பெற்றவளைப் பெற்றவள் நான், எனக்கு இரண்டு மடங்கு வரக்கூடாதா.

மறுநாள் சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினேன். மழை இல்லை. இறங்க வேண்டிய இடத்தில் ஒரு மணிக்கூண்டு, அதைத் தாண்டி மருந்துக்கடை, அங்கே இறங்க வேண்டும், முதல் நாள் வாலு கூட்டிப்போனபோதே மனசில் வாங்கியிருந்தேன். வழி முழுக்க என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நடுவிலேயே எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார். பட்டறைக் கதவைப் படாரென்று தள்ளலாம் என்று கையை ஓங்கினேன், அது கண்ணாடிக் கதவு, தானாகவே மெதுவாகத் திறந்து வழிவிட்டது. பாதிக் கோபம் அங்கேயே போய்விட்டது. உள்ளே அலமாரி முழுக்க மாவில் வார்த்த கால்கள், ஒவ்வொன்றிலும் பேர் எழுதி வரிசையாக நிற்கின்றன. மற்றவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த நீள அறையில் ஒரு கோடியில் வாலு, இன்னொரு கோடியில் சாவிக்கொத்து. வாலு மாவு கரைக்கிற ரப்பர் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவித் துடைத்து அடுக்கினாள். அடுக்கியதை எடுத்துத் திரும்பக் கழுவினாள். அந்தப் பக்கம் சாவிக்கொத்து ஒரு டப்பாவிலிருந்த திருகாணியையெல்லாம் பெரிது சிறிது என்று பிரித்து இன்னொரு டப்பாவில் போட்டாள். போட்டு முடித்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்தாள். திரும்பப் பிரிக்க ஆரம்பித்தாள். நடுநடுவில் கடிகாரத்தைப் பார்ப்பாள், வாலுவைப் பார்ப்பாள். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் வாலு இன்னும் அழுத்தித் தேய்ப்பாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னடி நடக்குது இங்க" என்றேன். வாலு கிண்ணத்தைக் கீழே போட்டாள்.

"ஐயோ பாட்டி, நீ எதுக்கு வந்த. மானத்த வாங்காத, வெளிய நில்லு."

"நிக்கறேன். ஏன் இந்தப் பொண்ண வீட்டுக்கு அனுப்ப மாட்டேங்கறேன்னு அவளக் கேளு, கேட்டுட்டு வா, நிக்கறேன்."

"அதெல்லாம் கேக்கக் கூடாது பாட்டி."

"நீ கேக்கறியா, இல்ல நான் போய் அவ கோட்டப் புடிச்சு இழுக்கட்டுமா?"

கேட்டாள். என் வார்த்தையில் பாதியை முழுங்கிவிட்டுத்தான் கேட்டிருப்பாள், நான் சொன்ன நீளத்துக்கு அவள் பேசவில்லை. சாவிக்கொத்து கையிலிருந்த திருகாணியை வைத்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னாள். வாலுவின் முகம் வெளுத்துப்போனது.

"என்னங்கறா?"

"நான் போனாத்தான் அவங்க போக முடியுமாம் பாட்டி."

"என்னது?"

"இங்க சூடு போடற அடுப்பு, அறுக்கற மெஷினெல்லாம் இருக்கு. பயிற்சிக்கு வந்தவள தனியா விட்டுட்டுப் போகக் கூடாதாம், கடைசி ஆள் போனதும் பூட்டிட்டுத்தான் போகணுமாம். நான் வேலைய முடிக்க மாட்டேங்கறேன்னு தினம் காத்துக்கிட்டு இருந்தாங்களாம். எழுந்து போன்னு சொன்னா மனசு கஷ்டப்படுவேன்னு சொல்லலையாம்."

இவள் அவள் எழுந்திருக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாள், அவள் இவள் எழுந்திருக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு மாதம். சாவிக்கொத்து பதிலுக்கு இவளைக் கேட்டாள், முடித்துவிட்டால் ஏன் போகவில்லை என்று. வாலு தலையைக் குனிந்துகொண்டு என்னிடம் ஒரு வார்த்தையும் அவளிடம் ஒரு வார்த்தையுமாகச் சொன்னாள்: "எங்க வீட்ல பெரியவங்க எழுந்திருக்கறதுக்கு முன்னாடி சின்னவங்க எழுந்திருக்கக் கூடாது."

எங்க வீடு என்றால் எந்த வீடு, சம்பந்தியம்மா? என் வீட்டில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது, என் வீட்டில் பசித்தவன் உட்காருவான், முடித்தவன் எழுந்திருப்பான். அவளுக்கு ஆறு வயசில் உங்கள் வீட்டில் விடுமுறைக்கு இருந்தபோது, சம்பந்தி ஐயா சாப்பிட்டு முடிப்பதற்குள் இவள் எழுந்தாள் என்று கையைப் பிடித்துத் திரும்ப உட்கார வைத்தீர்கள். பச்சைப் புடவை, அரக்கு பார்டர் கட்டியிருந்தீர்கள். ஐயா ஒவ்வொரு பருக்கையாக விசாரித்துச் சாப்பிடுகிறவர். குழந்தைக்குக் கை காய்ந்து வறண்டு, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன், சம்பந்தி வீடு என்று வாயை மூடிக்கொண்டேன். ஆகவே வாலுவை அந்த ஊரில் இருட்டும்வரை உட்கார வைத்தது பட்டறை அல்ல. நீங்கள்.

சாவிக்கொத்து இதைக் கேட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் கதையைச் சொன்னாள். சாயங்காலம் அவள் ஒரு பாட்டுக் கோஷ்டியில் பாடுகிறவளாம். இரண்டு மாதமாகப் போக முடியாததால் முன்வரிசையில் அவள் நிற்கும் இடத்தை அவளுக்குப் பிடிக்காத பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவள் உதடு இறுகியதைப் பார்த்தேன். அந்த நிமிஷம் எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டாள் என்று தெரிந்தது. நம் ஆள்.

அதற்குப் பிறகு ஐந்து மணி ஆனதும் சாவிக்கொத்து கையைத் தூக்குவாள், இருவரும் ஒன்றாக எழுந்திருப்பார்கள். வாத்தியாருக்கும் அவளே போன் செய்து, தப்பு என்னுடையது, பெண் கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டாள். கெட்டிக்காரிதான். கடைசி மாதத்தில் ஒரு தையல்காரம்மாவுக்கு வாலு முழுக்கத் தன் கையால் ஒரு கால் செய்தாள். போட்டுப் பார்க்கிற அன்று என்னையும் கூப்பிட்டாள். அந்த அம்மா இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு எதிரே நடந்தாள். நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, தையல் மெஷினை மிதிப்பதுபோல் அந்தக் காலால் தரையை மிதித்து மிதித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் மிதித்தாள். அப்புறம் கண்ணைத் திறந்து வாலுவின் மாவுக் கையைப் பிடித்துக்கொண்டாள். இவளை ஒரு வருஷத்துக்குக் கூப்பிடுவது அதற்காகத்தான், வேறு யாருடைய சிபாரிசும் இல்லை.

அந்தச் சாயங்காலங்களைத்தான் நான் இப்போது நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். மூன்று பேரும் பட்டறையிலிருந்து மணிக்கூண்டு வரை நடப்போம். சாவிக்கொத்து அன்றைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வருவாள், வாலு எனக்கும் அவளுக்கும் நடுவில் பேச்சை மாற்றி மாற்றிக் கொடுத்துக் களைத்துப்போவாள். பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்போம். குளிரில் வாயிலிருந்து புகை வரும், வாலு சின்னப் பிள்ளை மாதிரி ஊதிக் காட்டுவாள். மகள் வீட்டில் என்னை யாரும் ஒன்றும் சொல்வதில்லை, குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே ஒருத்தி பஸ்ஸை விட்டு இறங்குகிறாளா என்று பார்க்கிற வேலை எனக்கு இருந்தது. இங்கே அது இல்லை.

ஆகையால் தயவுசெய்து உங்கள் மகனிடம் சரி என்று சொல்லுங்கள். பிள்ளையின் வாழ்க்கை உங்கள் ஒரு வார்த்தையில் இருக்கிறது. நீங்கள் சொன்ன அதே சட்டப்படி துணைக்கு நானே போகிறேன், அந்தக் குளிர் என் முழங்காலுக்கு ஒத்துக்கொள்ளும். நீங்கள் சம்மதித்தால், கல்யாணத்தில் என் அண்ணனை மூன்றாம் பந்தி வரை காக்க வைத்ததைப் பற்றி இனிமேல் வாயைத் திறக்க மாட்டேன். நினைக்காமல் இருப்பேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது.

சம்பந்தி ஐயாவுக்கு என் வணக்கம், அவர் நிதானமாகவே சாப்பிடட்டும். மூத்த மருமகளுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசி. வேளாவேளைக்கு மாத்திரை போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகனின் மாமியார்

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் வாலு வந்து, யாருக்குப் பாட்டி இவ்வளவு நீளம் என்று பிடுங்கிப் படித்தாள். நடுவில் சிரித்தாள். முடித்ததும் சிரிக்கவில்லை. "பாட்டி, நான் போறேன்னு போன வாரமே அவங்களுக்குச் சொல்லிட்டேன். அப்பாவும் சரின்னுட்டார். டிக்கெட்டும் எடுத்தாச்சு. ஒரு டிக்கெட்தான்" என்றாள். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்க ரெண்டு பேர்ல யார்கிட்ட முதல்ல சொன்னாலும் இன்னொருத்தர் பத்து வருஷத்துக்கு அதையே சொல்லிக் காட்டுவீங்க. அதான் ரெண்டு பேர்கிட்டயும் சொல்லல" என்கிறாள். எனவே மேலே எழுதியிருப்பதற்கு நீங்கள் சரி சொல்லவும் வேண்டாம், மாட்டேன் சொல்லவும் வேண்டாம். அவள் கிளம்புகிற அன்று மட்டும் முதுகுவலி என்று சொல்லாமல் வந்துவிடுங்கள். வழியனுப்பிவிட்டுத் திரும்பி வருகிற வண்டியில் என்னால் தனியாக உட்கார்ந்து வர முடியாது. ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.