கேபிள் டிரேயை நெய்துவிட்டது பற்றி

திருத்தணி,
ஆடி மாதம், வியாழக்கிழமை.

அன்பும் மதிப்பும் மிகுந்த மாப்பிள்ளை இளங்கோவன் அவர்களுக்கு, உங்கள் மச்சான் கங்காதரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

தணிகை முருகன் அருளால் தாங்களும் தங்கை புவனாவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கு நானும் என் மனைவி அம்சாவும் நலம் என்று முதலில் எழுதியிருந்தேன். அம்சா எட்டிப் பார்த்து, “உங்க நலத்த மட்டும் எழுதுங்க, என்னோடத நானே புவனாகிட்ட சொல்லிக்கிறேன்” என்றாள். ஆகவே நான் நலம். சில நாட்களாகத் தாங்கள் என் அழைப்பை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக்குறி விழுகிறதே தவிர பதில் விழுவதில்லை. விரைவு அஞ்சலில் கையெழுத்துப் போட்டு வாங்கிய உறையை எவரும் பிரிக்காமல் வைக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

புதிய கொட்டகையில் பதினாறு விசைத்தறிகளுக்கும் மின்சாரம் கொண்டுபோக, மேலே கேபிள்களைத் தாங்கும் டிரே எவ்வளவு அகலம் வேண்டும் என்று தாங்கள் கணக்குப் போட்டு, படமும் வரைந்து அனுப்பினீர்கள். ஒவ்வொரு கேபிளின் தடிமனையும் கூட்டு, இரண்டு கேபிள்களுக்கு நடுவே இன்னொரு கேபிள் படுக்கும் அளவு சந்து விடு, அதற்கும் மேல் கால் பங்கு இடத்தை எதிர்காலத்துக்கென்று காலியாக வை என்பது தங்கள் கணக்கு. கிருத்திகையன்று மலைப்படியில் ஒரு கால் வைக்க இடம் கிடைத்தால் மூன்று பேர் ஏறிவிடுகிற ஊரில் வாழ்கிற எனக்கு, காசு கொடுத்து வாங்கிய தகரத்தில் பாதிக்குமேல் ஒன்றும் இல்லாமல் விடுவது முதலில் பிடிபடவில்லை. தாங்கள் போனில் சொன்னீர்கள்: “மச்சான், கேபிளும் மூச்சு விடணும். நெருக்கிப் போட்டா சூடு வெளிய போவாது, உள்ளுக்குள்ளயே வெந்துடும்.” மின் பொறியியல் படித்தவர் சொல்கிறார், அதுவும் தங்கையின் கணவர். தாங்கள் சொன்ன அகலத்திலேயே, ஏணியைப் படுக்க வைத்ததுபோல் குறுக்குச் சட்டங்கள் உள்ள டிரேயை வாங்கிக் கூரைக்குக் கீழே மாட்டவும் செய்தேன். இதுவரை என்மேல் குற்றமில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

கேபிள் இழுக்க வேண்டியவர் எலக்ட்ரீஷியன் சுப்பன். ஆடிக் கிருத்திகை நெருங்கும்போது திருத்தணியில் எலக்ட்ரீஷியன் என்று பெயர் உள்ளவர் எவரும் தரையில் இருப்பதில்லை, எல்லோரும் மலைப்பாதையில் சீரியல் லைட் கட்டுகிறார்கள். சுப்பனுக்கு எப்போது போன் செய்தாலும், “வந்துகினே இருக்கேன் மொதலாளி” என்பார். பின்னால் நாயனச் சத்தம் கேட்கும். இதற்கிடையில் நம் மூத்த தறிக்காரர் அரசு ஒருநாள் காலையில் என் எதிரில் வந்து நின்று, “நகரியில ஒரு தறி செட்டுக்காரரு கூப்ட்டுகினே இருக்காருங்க. நாங்களும் எத்தினி நாளு ஓடாத தறிக்கு எண்ண போட்டுகினு குந்தினு இருக்கிறது? திங்கக்கெழமைக்குள்ள கரண்ட் வரலன்னா எல்லாரும் கெளம்பிடுவோம். தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். தப்பாக எடுத்துக்கொள்ள நேரமும் இல்லை. அவர்கள் ஆந்திர எல்லை தாண்டிப் போய்விட்டால் என்னிடம் மிஞ்சுவது பதினாறு தறிகளும் அம்சாவும்தான், இதில் எதையும் ஓட்ட எனக்குத் தெரியாது. ஆகவே, மோட்டாரில் இணைப்பதைச் சுப்பன் வந்து செய்துகொள்ளட்டும், கேபிளைப் படுக்க வைப்பதையாவது நாமே முடிப்போம் என்று தங்கள் படத்தை அரசு கையில் கொடுத்துவிட்டு, ஒரு துக்கம் விசாரிக்கக் கனகம்மாசத்திரம் போய்விட்டேன். துக்க வீட்டிலும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இறந்தவரின் மகனிடம், “திங்கட்கிழமைக்குள் வந்துவிடும் இல்லையா?” என்று கேட்டுவிட்டேன். அவர் என்ன நினைத்தாரோ, தலையாட்டினார்.

மாலையில் திரும்பி வந்தபோது கொட்டகையில் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். நடந்ததை விசாரித்துச் சொல்கிறேன். முதல் மூன்று கேபிள்களைத் தங்கள் படத்தில் உள்ளபடி சந்து விட்டுத்தான் போட்டிருக்கிறார்கள். தறிக்கு நூல்தார் சுற்றுகிற துர்கா கீழே இருந்து பார்த்துவிட்டு, “இன்னாத்துக்கு இவ்ளோ சந்து? இந்த மாதிரி துணிய நெய்ஞ்சா எவன் வாங்குவான்?” என்று கேட்டிருக்கிறாள். அரசு பிறந்ததிலிருந்து இழைக்கும் இழைக்கும் நடுவே சந்து தெரிந்தால் கண்ணை மூடிக்கொள்கிற மனிதர். அவருக்கு மேலே தெரிந்தது கேபிள் டிரே அல்ல. குறுக்குச் சட்டங்கள் ஊடைபோல் ஏற்கெனவே வரிசையாக நிற்கின்றன, நெடுக்கு இழையான பாவு ஒன்றுதான் பாக்கி. ஒரு சட்டத்துக்கு மேலே, அடுத்த சட்டத்துக்குக் கீழே என்று எல்லாக் கேபிள்களையும் நெருக்கி விட்டு, சுவிட்ச் பேனலிலிருந்து கடைசித் தறி வரை நெய்து முடித்துவிட்டார்கள். நெய்தால் நீளம் உள்வாங்குமே, கேபிள் பற்றாமல் போயிருக்குமே என்று தாங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். “அது தெரியாதாங்க? மொழம் சேத்துதான் வெட்னோம்” என்றார் அரசு, சற்றே மனம் புண்பட்டு.

தாங்கள் கேட்கப்போகும் அடுத்த கேள்விக்கும் உண்மையாகவே பதில் எழுதிவிடுகிறேன். ஆம், நானும் அண்ணாந்து பார்த்தேன். ஆம், நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். விளிம்பு அவ்வளவு நேராக வந்திருந்தது. அந்தப் பெருமையில்தான் படம் எடுத்துத் தங்களுக்கு அனுப்பினேன். தாங்கள் அழைத்து, “மச்சான், இத யாரு பின்னினது?” என்று கேட்டீர்கள். பாராட்டப் போகிறீர்கள் என்று நினைத்து எல்லார் பெயரையும் வரிசையாகச் சொன்னேன். சற்று நேரத்தில் புவனா போனை வாங்கி, “ண்ணா, இன்னா அனுப்சீங்க? சோத்த தட்டுல வெச்சிட்டு செவுத்த பாத்துகினு இருக்காரு” என்றாள். அதன் பிறகுதான் தாங்கள் என் அழைப்பை எடுப்பதில்லை.

கேபிள்கள் நெருங்கிக்கொண்டதில் டிரேயில் பாதிக்குமேல் ஒரே பக்கமாகக் காலியானது. சும்மா கிடக்கிற இடம் என்று அம்சா ஏணி வைத்து அதில் நூல் கோன்களை அடுக்கிவிட்டாள். எலி ஏறாதாம். கேபிளே மூச்சு விடாமல் வேகும் என்றால் பக்கத்தில் பஞ்சு நூல் என்ன ஆகும் என்பது எனக்கே தெரிந்தது. “எதுக்கு வெச்சிருக்காரு உங்க மாப்பிள்ள அந்த எடத்த?” என்று கேட்டாள். எதிர்காலத்துக்கு என்றேன். “இந்த நூலும் எதிர்காலத்துலதான் நெய்யப் போறோம்” என்றாள். இதற்குப் பதில் தங்களுக்குத் தெரிந்தால் எழுதவும்.

ஆனால் கவலை வேண்டாம். கே.ஜி.கண்டிகையில் ஒரு அரிசி ஆலைக்கு வயரிங் செய்துகொண்டிருக்கிற கான்ட்ராக்டர் விஜயராகவன் இன்று வந்து பார்த்தார். டிரேக்கு அடியில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தார். பிறகு, “முப்பது வருசமா டிரே போடறேன் சார்” என்று தொடங்கி அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டார். நாளைக் காலையில் அவர் மேற்பார்வையில் நம்மவர்களே எல்லாவற்றையும் பிரித்து, தங்கள் படத்தில் உள்ளபடி, உள்ள சந்துடன் மறுபடி போடுவார்கள். மோட்டார் இணைப்பையும் அவரே முடித்துக் கொடுப்பார். கோன்களை நான் இறக்குவேன். தாங்கள் கோபத்தை மறந்து ஞாயிற்றுக்கிழமை வந்து சோதித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் திங்களன்று மின்வாரியத்தில் இணைப்புக் கொடுப்பார்கள். அப்போதுதான் அரசுவும் மற்றவர்களும் நகரிக்குப் போகாமல் இருப்பார்கள். வயதில் மூத்தவன், தங்கள் காலில் விழக்கூடாது. விழுந்ததாக வைத்துக்கொள்ளவும்.

புவனாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஆசிகள். தாங்கள் தொட்ட சுவிட்செல்லாம் எரிந்து, நோயின்றி நீடு வாழ வேண்டி மலையை நோக்கிக் கும்பிட்டபடி,

தங்கள் மச்சான்,
கங்காதரன்.

பி.கு.: இந்தக் கடிதத்தை நேற்று அஞ்சலில் சேர்க்கவில்லை, நல்லதாயிற்று. இன்று வெள்ளிக்கிழமை. காலையில் தொடங்கி மதியத்துக்குள் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி போட்டுவிட்டார்கள். தாங்கள் சொன்ன சந்து ஒவ்வொன்றும் தறி அச்சில் இழுத்த இழைபோல் அளவு பிசகாமல் இருக்கிறது. கால் பங்கு இடத்தில் தூசிகூட இல்லை. விஜயராகவன் டேப்பை வைத்து வைத்துப் பார்த்தார், ஒரு மயிரிழை வித்தியாசம் கிடைக்கவில்லை. டேப்பை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு அரசுவை ஓரமாக அழைத்துப் பேசினார். திங்கட்கிழமையிலிருந்து எல்லோரும் அவரிடம் கேபிள் போடும் வேலைக்குப் போகிறார்கள். துர்காவும் போகிறாள். “தறி சத்தம் இல்லாத எடம் மொதலாளி, பேசினா காதுல வுழுது” என்றாள். அரசு என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆங், நகரிக்குப் போவலீங்க. சொன்ன சொல்லக் காப்பாத்திட்டோம்” என்றார். ஆகவே தாங்கள் ஞாயிற்றுக்கிழமை அவசியம் வரவும். டிரேயில் ஒரு குறையும் காண முடியாது, கரண்ட்டும் வந்துவிடும். வரும்போது தங்கள் அம்பத்தூர்ப் பக்கம் தறி ஓட்டத் தெரிந்தவர் யாராவது இருந்தால் கையோடு கூட்டி வரவும்.